முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

ஜனவரி 2, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. எங்களுக்கு வயல் கிடையாது. உரம் போட ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. ஆனாலும் கொடுத்தார். கால் போனவனுக்கு ஊரே எதையாவது கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஆலோசனை.

இடது முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தினமும் எழுதி வைக்கும்படி பிசியோதெரபிக்காரத் தம்பி சொல்லியிருக்கிறான். இன்று நாற்பது. நேற்றும் நாற்பது. மூன்று வருடத்துக்கு முன் மின்கம்பத்திலிருந்து விழுந்த அன்றுதான் கடைசியாக முழுசாக மடங்கியது, அதுவும் தப்பான பக்கமாக. அன்றோடு ஒயர்மேன் ஞானசிங் போய், சோறு பொங்கித் துணி காயப்போடும் ஞானசிங் வந்தான். ரசம் நன்றாக வைக்கிறேன் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

வேலைக்குப் போவது என் மனைவி சாலோமி. தூத்துக்குடி கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். வயது முப்பத்தொன்பது. அந்த வயதுக்காரியை ஜூனியர் என்று கூசாமல் கூப்பிட வக்கீல்களால்தான் முடியும். அவளுக்கு ஒரு கனவு உண்டு: நீதிபதி ஆக வேண்டும். சிவில் நீதிபதி தேர்வை மூன்றாவது தடவையாக எழுதியிருக்கிறாள். முதல் இரண்டு தடவை எழுத்துத் தேர்விலேயே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை நேர்முகம் வரை போய்விட்டாள். இறுதிப் பட்டியல் இனிமேல்தான் வர வேண்டும். இதிலும் போனால், வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

நேற்று புதுவருட ஆராதனை முடிந்து வந்ததும் அம்மணி ஒரு காரியம் செய்தாள். எங்கள் கோயிலில் ஸ்தோத்திர காணிக்கை கவர் என்று ஒன்று உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் கவர்மேல் காரணத்தை எழுதித் தட்டில் போட வேண்டும். ஐயர் (எங்கள் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். இவள் இன்னும் நடக்காத காரியத்துக்கு கவர் எழுதிவிட்டாள். ‘என்னை நீதிபதியாக உயர்த்தியதற்காக. சாலோமி.’ எழுதி, ஒட்டி, தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ரிசல்ட் வந்ததும் போடுவாளாம்.

இதற்குப் பெயர் விசுவாசமாம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர், லைன் இழுக்கும் முன்னே பில் போடுவது.

ஜனவரி 8, ஞாயிறு

நாற்பது டிகிரி. கோயிலுக்குப் போனோம். சாலோமி பாடகர் குழுவில் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல் வரிசை. நான் கடைசிப் பெஞ்சில், காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு, வருகிறவன் போகிறவனெல்லாம் தடுக்கி விழ வசதியாக உட்கார்ந்திருப்பேன்.

இன்று பதினோரு கவர். அதில் மூன்று என் அண்ணன் மனைவி பிளாரன்ஸ் மைனியுடையது. குவைத்தில் இருக்கும் மகனுக்குச் சம்பள உயர்வு தந்ததற்காக. மகனுக்குப் புது ஃபிளாட் தந்ததற்காக. மகனுக்கு இருமல் நின்றதற்காக. ஆண்டவர் குவைத்திலேயே குடியேறிவிட்டார் போலிருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம்.

ஜனவரி 11, புதன்

நாற்பத்திரண்டு. மாவு புளிக்கவில்லை. தோசை என்ற பெயரில் ஒன்று சாப்பிட்டோம்.

ஜனவரி 19, வியாழன்

பிளாரன்ஸ் மைனி வந்திருந்தார்கள். பொங்கலுக்கு மிஞ்சிய முறுக்கும் ஒரு யோசனையும் கொண்டுவந்தார்கள். முறுக்கு நமுத்திருந்தது.

யோசனை இது: பள்ளிக்கூட விடுதியில் வார்டன் வேலை காலி. சாலோமி கேட்டால் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கம், நிம்மதியான வேலை. சாலோமி, ரிசல்ட் வரட்டும் மைனி என்று மட்டும் சொன்னாள். மைனி விடுவார்களா?

“நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதளா. புருசன் இப்படி இருக்கான். பிள்ளகுட்டியும் இல்ல. இந்த வயசுல ஜட்ஜாகி யாருக்கு என்ன ஆகப்போவுது? ஆண்டவர் குடுத்தத வச்சு அடங்கி இருக்கதும் ஒரு விசுவாசந்தான்.”

சாலோமி எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். மைனி குடித்துவிட்டு, நல்லாருக்கு என்று சொன்னார்கள். நான் முறுக்குத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பேச என்ன இருக்கிறது? இப்படி இருக்கிற புருசன் நான்தானே.

முழங்கால் அளக்கவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

ஒரு சின்ன தவறு நடந்துவிட்டது.

சாலோமி பாட்டுக்குப் போகும் முன், வழக்கம்போல அவளுடைய பையையும் வேதப் புத்தகத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தட்டு வந்தது. வாரக் காணிக்கை கவர் என்று ஒன்றை எடுத்துப் போட்டேன். கண்ணாடி இல்லை. இரண்டு கவரும் ஒரே நிறம். யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

ஐயர் வாசிக்க ஆரம்பித்தார். பிளாரன்ஸ் மைனி மகனின் புது கார். யாருக்கோ பசு கன்று போட்டது. பிறகு கொஞ்சம் நிறுத்தினார். கவரைத் திரும்பப் பார்த்தார். குரலை உயர்த்தி, “நம் சபையின் மகள், சகோதரி சாலோமி அவர்களை நீதிபதியாக உயர்த்தியதற்காக!” என்றார்.

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. ஆர்கன் வாசிக்கிறவர் யாரும் கேட்காமலே ஒரு ஜெயகீதம் வாசித்தார். ஆல்டோவில் ஒருத்தி மட்டும் பாடவில்லை. வாயைத் திறந்தபடி கடைசிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுப் புத்தகத்தில் மிகவும் ஆழ்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நான்கு மணி நேரம் அவள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். பிறகு ஒரே வார்த்தை கேட்டாள். “எப்படி?”

கண்ணாடி இல்லை என்றேன்.

ஜனவரி 23, திங்கள்

விடிந்ததும் ஐயரைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். தவறுதலாக விழுந்த கவர், பட்டியல் இன்னும் வரவில்லை, வருகிற ஞாயிறு மைக்கில் திருத்திச் சொல்லுங்கள் என்று சாலோமி கேட்டாள். ஐயர் கண்ணை மூடிச் சிரித்தார்.

“ஸ்தோத்திரத்த யாராவது வாபஸ் வாங்குவாங்களாம்மா? நீ விசுவாசத்துல எழுதின. அத அவரே அசைச்சு விழ வச்சிருக்காரு. ரிசல்ட் வரட்டும். சபையோட விசுவாசத்த நாம கலைச்சிரக் கூடாது.”

ஆண்டவருக்கு வேறு வேலை இல்லை, என் கையைப் பிடித்துக் கவர் எடுத்துக்கொடுக்கிறார். இதைச் சொல்லியிருப்பேன். சாலோமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஜனவரி 27, வெள்ளி

நாற்பத்தைந்து டிகிரி. வாசலில் நடமாட்டம் அதிகம், கதவு திறக்க எழுந்து எழுந்தே கால் தேறிவிடும் போலிருக்கிறது.

வருகிற ஒவ்வொருவரிடமும் சாலோமி, நான் இன்னும் பாஸாகவில்லை, தப்பாக வாசித்துவிட்டார்கள் என்று சொல்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. என்ன ஒரு தாழ்மை என்று புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஒருவர் பொதுச்சுவர் தகராறுக்குப் பத்திரத்தோடு வந்துவிட்டார். நான் நீதிபதி இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அப்ப தீர்ப்ப எப்ப சொல்லுவீய என்றார்.

இந்த ஊரில் பொய்யை ஒரு தடவை சொன்னால் போதும். உண்மையைத்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 2, வியாழன்

வாலிபர் சங்கத்தார் கோயில் வாசலில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டடி உயரம். பாடகர் குழு போட்டோவிலிருந்து சாலோமியின் தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருவருடைய கறுப்பு அங்கியின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு சுத்தியல் வேறு. பதினாறு வருடமாகக் கோர்ட்டுக்குப் போகிறேன், சுத்தியலைக் கண்ணால் கண்டதில்லை என்று புலம்பினாள். கழற்றச் சொல்லிக் கேட்டோம். செயலாளர் பையன் சிரித்துக்கொண்டே, எங்களுக்கும் பெருமைதானக்கா என்றான்.

அவள் இப்போது கோர்ட்டுக்குப் பின்தெரு வழியாகப் பஸ் நிலையம் போகிறாள். அரை மைல் சுற்று.

தினமும் மாலை, வந்ததும் செல்போனில் பட்டியல் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள். நானும் பகலில் பார்க்கிறேன். ஏழெட்டுத் தடவைதான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

பட்டியல் வந்தது. அவள் நம்பர் இல்லை.

பிப்ரவரி 15, புதன்

காலையில் எழுந்து குளித்து, கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டாள். டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். கத்தரிக்காய்ப் பொரியல். அவளுக்குப் பிடித்ததுதான்.

மாலையில் அலமாரியிலிருந்த சட்டப் புத்தகங்களையெல்லாம் எடுத்துப் பழைய சேலையில் மூட்டை கட்டினாள். உதவி செய்யட்டுமா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். முடிச்சை மட்டும் இறுக்கச் சொன்னாள். அந்த வார்டன் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று மைனியிடம் விசாரிக்கச் சொன்னாள்.

இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறதே என்றேன்.

“போதும்ங்க. தோத்தது பெரிசில்ல. மூணாவது தடவையும் தோத்தாச்சு, நாலாவதும் தோப்பேன், அதுக்கென்ன. ஆனா இந்த ஊர்ல இனி நான் ஜெயிச்சு தோத்தவ. அந்தப் பேரோட உக்காந்து படிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தாள், ஐந்து நிமிடம் கழித்து எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். பதினான்கு வருடத்தில் அவள் ஜெபத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

பகல் பதினோரு மணிக்குக் கோயில் வாசலில் ஆள் இல்லை. கோயில் ஏணி சுவரில் சும்மா சாத்திக் கிடந்தது. பிளெக்ஸை இறக்கிவிட்டேன். பெரிய வேலையில்லை. எட்டுப் படி.

இடது காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆறாவது படியில் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தேன். கீழே பார்த்ததால் அல்ல. களைப்பு. உள்ளங்கை வேர்த்தால் பிடி நழுவும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும், அதனால் துடைத்துக்கொண்டேன்.

பிளெக்ஸ் இப்போது எங்கள் விறகின்மேல் கிடக்கிறது. முகம் உள்பக்கமாக.

பிப்ரவரி 17, வெள்ளி

டைரிக்குப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. உரக்கடைக்காரரா வந்து படிக்கப்போகிறார்? எழுதிவிடுகிறேன்.

கண்ணாடி அன்றைக்குச் சட்டைப் பையில்தான் இருந்தது. போட்டுக்கொண்டு, கவர்மேல் இருந்ததை வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

பிப்ரவரி 18, சனி

ஒரு கவர் வாங்கி எழுதினேன். என் கையெழுத்தில், என் பெயரில். இதுவரை நான் எழுதியதே இல்லை. எங்கள் வீட்டில் அந்தத் துறை அவளுடையது.

எழுதியதை ஐயரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது ஸ்தோத்திரம் இல்லையே தம்பி, இது பாவ அறிக்கை, தனியாகச் சொன்னால் போதும் என்றார். பொய்யை மைக்கில் சொல்லிவிட்டு உண்மையை மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். தோற்றதற்கெல்லாம் கவர் வாசிக்க ஆரம்பித்தால் ஆராதனை மதியம் வரை முடியாது என்றார். அது உண்மைதான்.

சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். சாலோமிக்குத் தெரியாது.

பிப்ரவரி 19, ஞாயிறு

அவள் கோயிலுக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். வெள்ளைச் சேலை கட்டி ஆல்டோவில் போய் நின்றாள். அதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல் எல்லோருடைய செல்போனிலும் வருகிறதே. யாரும் எதுவும் கேட்கவில்லை. முந்தின வாரம் வரை தாழ்மையைப் புகழ்ந்தவர்கள், இன்று அவளைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லிவிட்டாள் என்று பின்பெஞ்சில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டது, எனக்குக் கேட்கும்படி மெதுவாக இருந்தது.

தட்டு வந்தது. போட்டேன்.

ஐயர் வாசித்துக்கொண்டே வந்தார். என் கவர் வந்ததும் ஒரு பார்வை பார்த்தார். அடுக்கின் அடியில் செருகிவிட்டு, பாட்டு எண்ணைச் சொல்லப் போனார்.

எழுந்தேன். கைத்தடி விழுந்து உருண்டு மூன்று பெஞ்ச் தள்ளிப் போனது. முன்னிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில் சத்தமாக நான் பேசியது கல்யாணத்தன்று சம்மதம் சொன்னதோடு சரி.

“ஐயா, ஒரு கவர் பாக்கி இருக்கு.”

எல்லோரும் திரும்பினார்கள். ஐயர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆர்கன்காரரைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. அடியிலிருந்து கவரை எடுத்து வாசித்தார். ஆரம்பத்தில் முனகல்தான். போகப்போகக் குரல் தெளிந்துவிட்டது. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

‘என் மனைவி சாலோமி நீதிபதி தேர்வில் தோற்றுவிட்டாள். முடிவு வரும் முன்னே ஜெயித்ததாகக் கவர் போட்டது நான். தெரிந்தே போட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. மூன்று தடவை தோற்றும் படிக்கிற ஒருத்தியை எனக்குக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். ஞானசிங்.’

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதில் மூன்றாவது விசிறிக்குக் கண்டென்சர் போய்விட்டது, சொல்ல வேண்டும்.

நான் பாடகர் குழுப் பக்கம் பார்க்கவில்லை. தைரியம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்.

பிப்ரவரி 20, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்து அவள் மீன் பொரித்தாள். சமையல் என் துறை. ஆனாலும் விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவாமலே உட்கார்ந்துகொண்டு ஏன் போட்டீர்கள் என்று கேட்டாள். மைனி பேசியதற்குப் பதிலடியா என்றாள். அதுவும்தான் என்றேன். வேறென்ன என்றாள். சொன்னேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும்:

“மூணு வருஷமா ஞாயித்துக்கெழம ஜெபக்குறிப்புல உன் பேரு எப்படி வருதுன்னு கவனிச்சிருக்கியா? ‘சுகவீனமா இருக்க ஞானசிங், அவங்க மனைவி.’ அவ்வளவுதான். உனக்குன்னு ஒரு பேரே கிடையாது. ஒரு வாரமாவது அந்த மைக்குல உன் பேரு உனக்காக வரட்டும்னு இருந்துச்சு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, இப்படி ஒரு கிறுக்கனை நான் பார்த்ததே இல்லை என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மீனில் காரம் அதிகம்.

இன்று கோர்ட்டிலிருந்து வந்ததும் மூட்டையை அவிழ்த்தாள். நான் போட்ட முடிச்சு. அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆனது, வாய்க்கு வந்தபடி திட்டினாள். கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது.

முழங்கால் நாற்பத்தெட்டு.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று நான்கே கவர். மூன்றாவதை எடுத்ததும் ஐயருக்கு வேர்த்துவிட்டது. என் பக்கம் பார்த்தார். நான் எழுதவில்லை என்று தலையாட்டினேன்.

‘குவைத்தில் மகனுக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருப்பதற்காக. பிளாரன்ஸ்.’

மைனி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மாதமாகச் சம்பள உயர்வும் ஃபிளாட்டும் காரும் எழுதி எழுதிப் போட்ட கை, இப்போது பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நானும் எத்தனை வாரம் குவைத்தைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன் இந்த டைரியில். எழுதியதை அடித்துவிட மனம் வரவில்லை. இருக்கட்டும்.

ஆராதனை முடிந்ததும் சாலோமி போய் மைனி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வார்டன் வேலைக்கு மைனியே மனுப் போடப்போகிறார்களாம். சாலோமி எழுதிக் கொடுக்கிறாள்.

மார்ச் 4, சனி

ஐம்பது டிகிரி. அடுத்த தேர்வு அறிவிப்பு எப்போது வருமென்று தெரியவில்லை. வரும்வரை சும்மா இருப்பாளா? காலையிலேயே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை விரித்துவைத்துக்கொண்டு, தானும் தூங்காமல் என்னையும் தூங்கவிடாமல் ஒப்பிக்கிறாள். எனக்கே பாதி மனப்பாடம். நானே எழுதலாம் போலிருக்கிறது.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். கடைசித் தடவையாக எழுதுகிறேன், ஆனால் நீங்கள் எனக்காக ஜெபிக்க வேண்டும், மனசுக்குள் அல்ல, சத்தமாக, நான் கேட்கும்படி. எனக்குப் பழக்கமில்லை என்றேன். ஏணியில் ஏறவும்தான் பழக்கம் விட்டிருந்தது என்றாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை. இந்த ஊரில் பகல் பதினோரு மணிக்கும் யாராவது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி என்று ஒப்புக்கொண்டு, காப்பி குடித்தபின் உட்கார்ந்தோம். அவள் முழங்காலில் நின்றாள். நான் நாற்காலியில். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதுதான் முதல் தடவை, எங்காவது பதிவு இருக்கட்டும்.

“ஆண்டவரே, நான் ஞானசிங். சாலோமி வீட்டுக்காரன். மூணு வருஷமா இவ எந்திரிச்ச உடனே மொதல்ல என் காலுக்குத்தான் கேக்கா. தன் பரீட்சைக்குக் கடைசியா, நேரமிருந்தா கேக்கா. நான் தூங்குத மாதிரி படுத்துக்கிட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். இன்னையிலருந்து வரிசைய மாத்திக்கிடும். கால் இப்படியே இருந்துட்டுப் போவுது, இத வச்சே நான் சமாளிச்சுக்கிடுதேன். இவளுக்கு மட்டும் ஒரு தடவை சரின்னு சொல்லும். முடியாதுன்னாலும் சொல்லிரும், நாங்க எந்திரிச்சிருவோம். ஆனா இவள மட்டும் பாதி ஜெபத்துல எந்திரிச்சுப் போற மாதிரி இன்னொரு தடவை விட்டுராதேயும்.”

முடித்துவிட்டேன். சாலோமி ஆமென் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாதாம், நான் திறக்கவில்லை.